அவுட்போர்டு மோட்டாரில் ஆயில் கசிவு: இன்ஜினா, கியர் பெட்டியா?

கேள்வி (புதுத்துடுப்பு):
படகின் பின்னால் மாட்டும் என் அவுட்போர்டு மோட்டார் 4 ஸ்ட்ரோக். ராத்திரி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் ப்ரொப்பல்லருக்கு நேர் கீழே தரையில் ஆயில் தேங்கி நிற்கிறது. தண்ணீரில் இறக்கினால் பின்னால் வானவில் மாதிரி படலம் மிதக்கிறது. டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் சரியாகத்தான் காட்டுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் மோட்டாரைப் பார்க்காமலேயே போனில் "ஹெட்டைப் பிரிக்கணும்" என்கிறார், அதாவது இன்ஜின் சிலிண்டரின் மூடியை. பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில் (ஸ்பேனர்மணி):
அவசரப்பட்டு எதையும் பிரிக்காதீர்கள். முதலில் அது எந்த ஆயில் என்று பாருங்கள். கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து வைத்து, விழுந்ததை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் கீழ்க் கியர் பெட்டியில் இருக்கும் கியர் ஆயில் கொழகொழவென்று இருக்கும், கந்தகம் கலந்த ஒரு நாற்றம் வரும், ஒருமுறை மோந்தால் மறக்காது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஓடிய இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ, அதைவிட நீர்த்துப்போய் இருக்கும். மோட்டாரைத் தூக்கி இறக்கும் பவர் டில்ட் இருந்தால் அதன் ஹைட்ராலிக் ஆயிலும் கசியலாம், ஆனால் அது முன்பக்கம் பிராக்கெட்டை ஒட்டித்தான் வழியும்.

இன்னொன்று. பெரும்பாலான மோட்டார்களில் புகை ப்ரொப்பல்லரின் நடுவழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் கரியும் ஈரமும் கலந்து கறுப்பாகச் சொட்டுவதும் உண்டு. 2 ஸ்ட்ரோக்கில் எரியாத ஆயில் அப்படி வருவது சகஜம். உங்களுடையது 4 ஸ்ட்ரோக், அதில் தேங்கும் அளவுக்கு வந்தால் சும்மா விடக் கூடாது.

பதில் (அலைமேல்):
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சீலை, அதாவது ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், தீர்ந்தது.

பதில் (ஸ்பேனர்மணி):
சீலாக இருக்க வாய்ப்பு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கியர் பெட்டியின் ஆயிலை வடிக்கும் அடித்திருகின் வாஷர் நசுங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் சொட்டும், அது சில நிமிட வேலை. இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் சீல் போயிருந்தால் கியர் பெட்டியும் நடுப்பகுதியும் சேரும் இடத்திலிருந்து வழியும். மேலே ஆயில் ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேலேயே புதியதை மாட்டியிருந்தால், அங்கே கசிவது கவர் உள்ளேயே இறங்கிக் கடைசியில் கீழேதான் வந்து நிற்கும். சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். ஈரமாகும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர் (புதுத்துடுப்பு):
செய்து பார்த்தேன். அதே கந்தக நாற்றம். இன்ஜின் பக்கம் பவுடர் அப்படியே காய்ந்து கிடக்கிறது, திருகுகளைச் சுற்றியும் ஈரம் இல்லை. ப்ரொப்பல்லரைக் கழற்றினால் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றி, சூட்டில் இளகி மோதிரம் போல இறுகிக் கிடக்கிறது! அதை வெட்டி எடுத்துவிட்டால் போதுமா? இந்த வாரம் படகு எடுக்க வேண்டியிருக்கிறது.

பதில் (ஸ்பேனர்மணி):
போதாது. நரம்பு சீலின் உதட்டை (ஷாஃப்டைத் தொடும் விளிம்பை) அறுத்திருக்கும், ஆயில் வெளியே வருகிற வழியில் தண்ணீர் உள்ளே போகும். மோட்டாரை ராத்திரி முழுக்க நேராக நிறுத்திவைத்து, காலையில் அடித்திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும், அதனால் முதலில் அதுதான் சொட்டும். ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது என்று அர்த்தம், அந்த நிலையில் ஓட்டினால் பேரிங்கும் கியரும் போகும். இந்த வாரப் பயணத்தை மறந்துவிடுங்கள்.

சீல் போடும்போது கவனிக்க வேண்டியது: பல மோட்டார்களில் இரண்டு சீல் இருக்கும், ஒன்று ஆயிலைத் தடுக்க, இன்னொன்று தண்ணீரைத் தடுக்க, உதடுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும். கழற்றும்முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது.

பதில் (அலைமேல்):
நான் சொன்ன சீல்தானே கடைசியில் :) சரி, ஒன்று சேர்க்கிறேன். ஆயில் ஊற்றும்முன் கியர் பெட்டிக்குள் காற்றை ஏற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள். காற்றழுத்தத்தை மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலையே தள்ளிவிடும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிறதா என்று தெரியும். பிறகு ஆயிலைக் கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்யுங்கள், மேல் துளையில் காற்றுக்குமிழி இல்லாமல் வழியும்வரை. மேல் திருகை முதலில் மூடிவிட்டுத்தான் கீழே பம்பை எடுக்க வேண்டும், இரண்டுக்கும் புது வாஷர்.

கேள்வி கேட்டவர் (புதுத்துடுப்பு):
அடித்திருகைத் தளர்த்தினேன், தண்ணீர் வரவில்லை, ஆயில் தெளிவாகத்தான் இருக்கிறது. சீல் செட் ஆர்டர் போட்டுவிட்டேன். ஹெட்டைத் தொடவில்லை.