வேலைக்குப் போகிறவருக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை கடைசியில் யார் கைக்குப் போகிறது?

தறிநிழல் (கேள்வி):

தொழிற்சங்க வாசிப்பு வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குக் கூலியும் அரசு உதவித்தொகையும் பற்றிப் பேச எடுத்திருக்கிறோம். தயாரிப்பிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. குறைந்த கூலிக்காரருக்கு அரசு மேற்கொண்டு பணம் கொடுத்தால் முதலாளி கூலியை உயர்த்த மாட்டார், ஆகவே அது முதலாளிக்குப் போகும் மானியம் என்பது ஒரு கட்சி. நாளைக்கு அதை நிறுத்தினால் அடுப்பு அணைவது தொழிலாளி வீட்டில்தானே என்பது இன்னொரு கட்சி.

விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட்டை (வேலை இல்லாதவருக்கும் குறைந்த கூலிக்காரருக்கும் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை) உதாரணமாக வைத்திருக்கிறோம். கூலி ஒரு பவுண்டு (100 பென்ஸ்) கூடினால் தொழிலாளி கையில் எவ்வளவு நிற்கும் என்று போட்டுப் பார்த்தோம். வருமான வரி 20, தேசியக் காப்பீடு 8, உதவித்தொகைக் கழிவு (கூலி கூடும்போது அரசு உதவியில் வெட்டுவது) 55. ஆக 83 போய் 17 பென்ஸ் மிச்சம். இது சரியா? இன்னொருவர் 1795-ல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்தில் கூலி போதாதவருக்கு ஊர்ப் பணத்தில் உதவி கொடுத்த கதையை எடுத்துக் காட்டுகிறார். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? எந்தக் கட்சி சரி என்று பார்க்க ஏதாவது அளவுகோல் உண்டா?

படிக்கணக்கு:

83 தவறு. மூன்று விகிதத்தையும் அப்படியே கூட்டக்கூடாது. உதவித்தொகைக் கழிவு மொத்தக் கூலியின் மேல் விழுவதில்லை. வரியும் காப்பீடும் போய்க் கையில் வரும் தொகையின் மேல்தான் விழுகிறது. வரிசை இப்படி: கூலி 100 பவுண்டு கூடுகிறது. வரி 20, காப்பீடு 8 போக 72. அந்த 72-ல் 55 சதவீதம், அதாவது 39.60, உதவித்தொகையிலிருந்து வெட்டப்படும். கையில் நிற்பது 32.40. ஆக உண்மையான வெட்டு 67.6 சதவீதம். அதுவே மோசமான எண்தான், 83 என்று பெரிதாக்க வேண்டிய அவசியமில்லை. எதிர்க்கட்சிக்காரர் இந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டால் மற்ற வாதமெல்லாம் கேட்பாரற்றுப் போகும்.

ஆண்டு வருமானம் 12,570 பவுண்டுக்குக் கீழே இருப்பவருக்கு வரியும் இல்லை, காப்பீடும் இல்லை. அவருக்கு 55 மட்டும் போகும், 45 நிற்கும். குழந்தை இருப்பவருக்கும், உடல்நலக் காரணத்தால் வேலைத்திறன் குறைந்ததாக ஏற்கப்பட்டவருக்கும் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி கழிவே இல்லாமல் விடப்படும். குழந்தையில்லாத, உடல்நலம் உள்ளவருக்கு முதல் பவுண்டிலிருந்தே கழிவு. ஆகவே 'ஒரு தொழிலாளி' என்று பொதுவாகப் போடாமல் குறைந்தது மூன்று குடும்பத்துக்குத் தனித்தனியாகப் போடுங்கள்: வரி வரம்புக்குக் கீழே உள்ள தனி ஆள், வரம்புக்கு மேலே உள்ள தனி ஆள், குழந்தை உள்ள ஒற்றைப் பெற்றோர்.

பழைய ஆண்டு எண்களோடு ஒப்பிட்டால் இன்னொரு கவனம் வேண்டும். கழிவு 2017 வரை 65 சதவீதம், பிறகு 63, 2021 இறுதியிலிருந்து 55. காப்பீடும் முன்பு 12 சதவீதமாக இருந்தது. 63-ம் 12-ம் சேர்ந்திருந்த காலத்தில் கையில் நின்றது 25.16 மட்டுமே. பழைய கழிவையும் புதிய காப்பீட்டையும் கலந்து போட்ட அட்டவணைகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன.

32.40-க்குப் பிறகும் கணக்கு முடியவில்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சி வரிச் சலுகையை 2013 முதல் ஒவ்வொரு உள்ளாட்சியும் தானே வகுக்கிறது. கையில் நிற்பதில் 20 சதவீதத்தைத் திரும்ப எடுக்கும் திட்டம் உள்ள இடத்தில் இன்னும் 6.48 போகும், 25.92 மிஞ்சும். குழந்தைப் பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை உச்சவரம்புக்குள் திரும்பக் கிடைக்கும், ஆனால் பொதுவாக முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கோர வேண்டும். கூடுதல் நேரம் வேலை செய்ய 60 பவுண்டுக்குப் பராமரிப்பு தேவைப்பட்டால் 9 பவுண்டு கைக்காசு. அதையும் கழித்துப் பாருங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் வரிசை ஒன்று உண்டு: முதலாளி பக்கம். 2025 ஏப்ரல் முதல் முதலாளியின் காப்பீட்டுப் பங்கு 15 சதவீதம். ஆக 100 பவுண்டு கூலி உயர்வுக்கு அவர் கொடுப்பது 115. தொழிலாளிக்குச் சேர்வது 32.40. நடுவில் உள்ள 82.60 கருவூலத்துக்கு. இதைத் திருப்பிப் போடுங்கள்: முதலாளி கூலியில் 100 குறைத்தால் அவருக்கு 115 மிச்சம், தொழிலாளிக்கு இழப்பு 32.40 மட்டும், பாக்கியை அரசு தாங்குகிறது. கூலிக்காகப் போராடும் சங்கத்துக்கு இந்த ஒரு வரி போதும். பெரிய கழிவு விகிதம் கூலி உயர்வின் அருமையை இரண்டு பக்கமும் குறைத்துவிடுகிறது. வேலைநிறுத்தத்தில் ஒரு வாரக் கூலியை இழந்து வாங்கும் உயர்வில் மூன்றில் இரண்டு பங்கு தன்னிடம் தங்காது என்று தெரிந்தால் யார் வெளியே வருவார்?

எதிர்வெயில்:

கணக்கு சரி. ஆனால் அதை மட்டும் வைத்து 'முதலாளி மானியம்' என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி: வேலை இல்லாமல் இருக்கும்போது அந்தப் பணம் வருகிறதா, வேலையை மறுத்தால் நிற்கிறதா? அளவுகோல் அங்கேதான் இருக்கிறது.

தொழிலாளி எந்தக் கூலிக்குக் கீழே 'வேண்டாம்' என்று எழுந்து போக முடியுமோ, அந்தக் கோடுதான் பேரத்தில் அவருடைய பலம். வேலையில் இருந்தால் மட்டும் கிடைக்கும் பணம் அந்தக் கோட்டைக் கீழே இறக்கும்: கூலி குறைந்தாலும் மேற்பணம் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நிறையப் பேர் வேலைக்கு வருவார்கள், போட்டி கூடும், கூலி இறங்கும். வேலை இல்லாதபோதும் கிடைக்கும் பணம் கோட்டை மேலே தூக்கும்: மோசமான வேலையை விட்டுவிடலாம், ஆள் கிடைக்க முதலாளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இதை எண்ணில் காட்டியவர் பொருளாதார அறிஞர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீன், 2010-ல். அமெரிக்காவில் 1975 முதல் இருக்கும், வேலையில் உள்ளவருக்கு மட்டுமான வரிச் சலுகையையும், வேலை நிபந்தனையில்லாத எதிர்மறை வருமான வரி (வருமானம் குறைந்தவரிடம் வரி வாங்காமல் அரசே பணம் கொடுப்பது) என்ற யோசனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாவதில் அரசு 1 டாலர் செலவிட்டால் மக்களின் வரிக்குப் பிந்திய வருமானம் 0.73 டாலர் கூடுகிறது. மிச்சம் கூலிக் குறைப்பின் வழியே முதலாளிகளுக்குப் போகிறது. இரண்டாவதில் 1 டாலருக்கு 1.39 டாலர், ஏனென்றால் கூலியும் சேர்ந்து ஏறுகிறது. சலுகைக்குத் தகுதி இல்லாத சக தொழிலாளியின் கூலியும் முதல் முறையில் இறங்குகிறது என்பதைக் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள். உதவி வாங்குபவரை மட்டும் எண்ணினால் இந்த இழப்பு கண்ணில் படாது. இது மாதிரிக் கணக்கு, களத்தில் அளந்த எண் இல்லை. ஆள் வரத்தும் தேவையும் கூலிக்கு எப்படி அசைகின்றன என்ற அனுமானத்தை மாற்றினால் 0.73 மாறும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யுனிவர்சல் கிரெடிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேலை இல்லாதவருக்கும் வரும், ஆனால் மறுக்கும் உரிமை குறுகியது. வேலை வாய்ப்பை மறுத்தாலோ தக்க காரணமின்றித் தானாக விலகினாலோ முதல் முறை 91 நாள் வரை தண்டனை, ஓராண்டுக்குள் இரண்டாவது என்றால் 182 நாள் வரை. 3 ஆண்டு வரை நிறுத்தும் தண்டனை 2019-ல்தான் கைவிடப்பட்டது. 2022-ல் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்தது: பழகிய தொழிலில், பழைய கூலி மட்டத்தில் மட்டும் வேலை தேட அனுமதித்த 3 மாதம் 4 வாரமாகச் சுருங்கியது. கழிவு விகிதத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். கூலிப் பேரத்தைப் பொறுத்தவரை இந்த 4 வாரம் அதைவிடக் கனமானது என்பது என் தீர்மானமான கருத்து. திறமையான தச்சர் ஒருவர் ஐந்தாவது வாரத்தில் கிடங்கு வேலைக்கும் விண்ணப்பிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டால், தச்சர் கூலி, கிடங்குக் கூலி இரண்டுமே அழுத்தப்படும்.

ஒப்பிட டென்மார்க்கை வையுங்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே இல்லை. கூட்டு ஒப்பந்தம்தான் தளம். வேலையின்மைக் காப்பீடு பழைய ஊதியத்தில் 90 சதவீதம் வரை, உச்சவரம்போடு, 2 ஆண்டு. அங்கும் நிபந்தனை உண்டு, 2010-ல்தான் காலத்தை 4 ஆண்டிலிருந்து பாதியாக்கினார்கள். இருந்தாலும் மறுக்க நேரம் கிடைக்கிறது.

பழஞ்சுவடி:

ஸ்பீனம்லாந்து பற்றி. 1795 மே மாதம் இங்கிலாந்தின் பெர்க்ஷயர் மாவட்ட நீதிபதிகள் பெலிகன் விடுதியில் கூடி ரொட்டி விலையோடு கட்டிய அளவுத்திட்டம் அது. 8 பவுண்டு 11 அவுன்ஸ் எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்கும்போது உழைக்கும் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் 1 ஷில்லிங் 6 பென்ஸ் இருக்க வேண்டும் (அப்போது ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). உழைப்பால் வந்தது போக மிச்சத்தை ஊர் ஏழை வரியிலிருந்து (ஏழைகளைத் தாங்க ஊரார் கட்டிய வரி) நிரப்புவது. ரொட்டி ஒரு பென்னி ஏறினால் அவருக்கு 3 பென்ஸ், மற்றவருக்கு 1 பென்னி கூடும். அது நாடு முழுவதுக்குமான சட்டம் இல்லை, நடைமுறை ஊருக்கு ஊர் மாறியது.

உதவி கூலியைக் கீழே இழுத்து, மக்களைச் சோம்பேறியாக்கியது என்ற கதை 1834 ஏழைச் சட்ட ஆணைய அறிக்கையிலிருந்து வருகிறது. 1944-ல் பொருளாதார வரலாற்று அறிஞர் கார்ல் போலன்யியும் அதைப் பெரிதும் நம்பி எழுதிவிட்டார், வேறு நோக்கத்தோடு. 1960-களில் பொருளாதார அறிஞர் மார்க் பிளாக் அந்த 1834 அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்த ஊர்ப் பதில்களைத் தானே தொகுத்துப் பார்த்தார்; ஆணையர்கள் அவற்றை முறையாகத் தொகுக்கவே இல்லை, முடிவுக்கு அவை துணை நிற்கவும் இல்லை. தென்கிழக்கில் கூலி ஏற்கெனவே தாழ்ந்திருந்தது: தானிய விவசாயத்தில் பருவ வேலையின்மை, வீட்டு நூற்பு அழிந்தது, பொது நிலம் வேலிக்குள் போனது. உதவி அந்தத் தாழ்வுக்குப் பின்னால் வந்தது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்டதன் விலை 1834-க்குப் பிறகு பணிமனை விடுதிகளில் (உதவி வேண்டுமானால் தங்கி உழைக்க வேண்டிய இடங்கள்) அடைபட்ட ஏழைகள் கொடுத்தது.

இந்தக் கதைக்கு ஆயுள் அதிகம். 1969-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டுவர இருந்த குடும்ப உதவித் திட்டத்தைத் தடுக்க அவருடைய ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன் போலன்யியின் ஸ்பீனம்லாந்துப் பகுதிகளைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் முதல் கட்சிக்கும் இதில் ஒரு துண்டு உண்மை உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. ஏழை வரியை நிலமோ வீடோ வைத்திருந்த எல்லாரும் கட்டினார்கள்: சிறு வியாபாரி, ஆள் வைக்காத குடும்ப விவசாயி உட்பட. ஊர்ச் சபையில் குரல் ஓங்கியிருந்தது கூலியாள் வைத்த பெரிய விவசாயிகளுக்கு. வேலையில்லாத மாதங்களில் ஆட்களை ஊரைவிட்டுப் போகாமல் தக்கவைக்கும் செலவில் ஒரு பங்கை அவர்கள் மற்றவர் தலையில் வைத்தார்கள். ஆகவே 'மானியமா?' என்று கேட்கும்போது வரியை யார் கட்டுகிறார், விதியை யார் எழுதுகிறார் என்ற பத்தியையும் அட்டவணையில் சேருங்கள்.

தறிநிழல்:

மிகவும் பயன்பட்டது. அப்படியானால் நிபந்தனையே இல்லாத அடிப்படை வருமானம்தான் தீர்வு என்று ஒருவர் நிச்சயம் எழுந்து சொல்வார். பின்லாந்து சோதனையைச் சொல்வார். குறைந்தபட்சக் கூலி, நூறு நாள் வேலை இவை எங்கே பொருந்தும்?

எதிர்வெயில்:

பின்லாந்து சோதனை 2017, 2018 இரண்டு ஆண்டு. வேலையின்மை உதவி பெற்றுவந்த, 25 முதல் 58 வயதுள்ள 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, வேலை கிடைத்தாலும் வெட்டு இல்லை. இரண்டாம் ஆண்டில் அவர்கள் சராசரியாக 78 நாள் வேலையில் இருந்தார்கள், ஒப்பீட்டுக் குழுவைவிட 6 நாள் கூடுதல். அதே 2018-ல் ஒப்பீட்டுக் குழுவுக்குப் புதிய வேலைதேடல் நிபந்தனைகள் வந்துவிட்டதால் அந்த 6 நாள் எதனால் என்று பிரிக்க முடியவில்லை. 'ஆள் சோம்பேறியாகவில்லை' என்பதற்கு அது சான்று. கூலி ஏறுமா என்பதற்குச் சான்று ஆகாது: நாடு முழுக்கச் சிதறிய 2,000 பேர் எந்த ஊர்க் கூலியையும் அசைக்க முடியாது. ஒரு வட்டாரம் முழுவதும் கொடுத்தால்தான் அது தெரியும்.

அந்த வகையில் நூறு நாள் வேலை நல்ல உதாரணம். 2005 சட்டத்தின் கீழ் ஆந்திரத்தில் ஸ்மார்ட் கார்டு வழியாகக் கூலி ஒழுங்காகச் சேர வைத்த சோதனை மண்டலம் மண்டலமாக (மாவட்டத்தின் உட்பிரிவு) நடந்தது. ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. உயர்வின் பெரும்பகுதி திட்டத்திலிருந்து வரவில்லை, வெளியே தனியார் கூலி ஏறியதால் வந்தது. போக இன்னொரு இடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு நில உடைமையாளர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கூலி தாமதமாகும் ஊரில் இந்த விளைவு எதிர்பார்க்க முடியாது. கைக்கு வராத கூலியைக் காட்டி யாரும் பேரம் பேச முடியாது.

படிக்கணக்கு:

குறைந்தபட்சக் கூலி என்பது, அரசின் மேற்பணம் கூலிக் குறைப்பு வழியே முதலாளியிடம் கசிவதைத் தடுக்கும் தளம். பிரிட்டன் 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று தளம் போட்டு, அக்டோபரில் உழைக்கும் குடும்பங்களுக்கான வரிச் சலுகையைக் கொண்டுவந்த வரிசை இதற்குப் பொருத்தமானது. தளம் இருந்தால் மணிக்கூலியை இறக்க முடியாது. ஆனால் மணி எண்ணிக்கையை இறக்கலாம்: வாரம் 35 மணி வேலையை இரண்டு 16 மணி வேலையாக உடைப்பது. ஆகவே மணிக்கூலியை மட்டும் பார்க்காமல் உறுதி செய்யப்பட்ட மணி எத்தனை, அட்டவணை எத்தனை நாள் முன்பு தெரிகிறது என்று கேளுங்கள்.

மாதக் கணக்கின் சிக்கலையும் விடாதீர்கள். யுனிவர்சல் கிரெடிட் ஒவ்வொருவருக்கும் கோரிய தேதியிலிருந்து மாதம் மாதமாகக் கணக்கிடப்படுகிறது. 4 வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் 13 சம்பளம். ஒரு மாதத்தில் இரண்டு விழும், அந்த மாதம் உதவி சரியும், சில நேரம் முழுவதும் நின்றுவிடும். மாதச் சம்பளக்காரருக்கும் சம்பள நாள் விடுமுறையில் விழுந்து முன்னதாக வந்தால் இதே கதி. அதை எதிர்த்து நான்கு தாய்மார்கள் தொடுத்த வழக்கில் 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, விதி அதே ஆண்டு திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும். உங்கள் அட்டவணையில் ஆண்டு சராசரியை மட்டும் போட்டால் இந்தச் சரிவு மறைந்துவிடும். 12 மாதத்தையும் தனித்தனி வரியாகப் போட்டு, எந்த மாதம் வாடகைக்கு எட்டவில்லை என்று குறியுங்கள்.