எட்டுமை: அணுகல்தன்மைக்கு ஒரு மாற்றுச்சொல் – முன்மொழிவும் மறுமொழிகளும்

அன்பின் நண்பர்களுக்கு,

எல்லாரும் பாவிக்கும்படி வடிவமைப்பதை (inclusive design) "உள்ளடக்கிய வடிவமைப்பு" என்று சொல்லலாமா என்று கடந்த வாரம் நம் கலைச்சொற் குழுவில் வந்த மடல்கள் அனைத்தையும் வாசித்தேன். பெரும்பாலானோர் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உடற்குறை, முதுமை எதுவானாலும் ஒருவர் ஒன்றைப் பாவிக்க முடிவதை (accessibility) "அணுகல்தன்மை" என்பதையும் மாற்றவேண்டும் என்கிறேன். காரணத்தை நாங்கள் இப்போது செய்துவரும் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

கிளினிக்குக்கு வீட்டிலிருந்தே இலக்கம் எடுப்பதற்கான சிறிய கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. சனிக்கிழமைகளில் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் நான்கு பேர் கூடி அதைப் பாவித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்வையற்ற ஆசிரியர். ஒருவர் போரில் காலை இழந்து சக்கர நாற்காலியில் வருபவர். மற்றவர் காது கேளாத தையற்காரி. நான்காமவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் எழுபது கடந்த அம்மா. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், கண்ணும் மங்கல். ஆனால் தன்னை மாற்றுத்திறனாளி என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார்.

செயலியின் அமைப்புகளில் "அணுகல்தன்மை" என்று ஒரு பகுதி இருக்கிறது. திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் ஆசிரியரின் போன் அதை வேகமாக வாசித்தது. "அணுவோ? கரண்டுச் சாமானோ மனே?" என்று அம்மா கேட்டார். அணுகுவது என்றால் கிட்டப் போவது என்று விளக்கினேன். சக்கர நாற்காலி நண்பர் உடனே சொன்னார்: "கிட்டப் போக எனக்கு ஏலும். உள்ளுக்குப் போகத்தான் ஏலாது."

அவர் சும்மா சொல்லவில்லை. போன வருடம் ஒரு கொடுப்பனவு விடயமாக அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் ஓரடி உயரத்துக்குப் படி. பக்கத்தில் சாய்வுப்பாதையும் கட்டியிருந்தார்கள், நாலடி நீளத்தில். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது உலகெங்கும் புழங்கும் கணக்கு. நாலடியில் அது சறுக்குமரம். இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். உள்ளே போனால் கருமபீடம் அவருடைய நெற்றி உயரத்தில். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, அவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்துமிருக்கிறது. அந்தக் கட்டடத்தை அவர் அணுகினார் என்றுதான் பதிவேட்டில் இருக்கும்.

சரி, வேறு என்ன சொல்? அதை நான் உருவாக்கவில்லை, அவர்கள் வாயிலிருந்து எடுத்தேன். திரையின் மேல்மூலையில் இருந்த பொத்தானை அம்மாவின் பெருவிரலால் தொட முடியவில்லை. "எட்டல்ல மனே" என்றார். எழுத்து சிறிதாக இருந்தபோது "கண்ணுக்கு எட்டல்ல" என்றார். ஆசிரியர், "எனக்குக் காதுக்கு எட்டினால் போதும்" என்றார். "முன்பதிவு உறுதிப்படுத்தல் நிலுவையிலுள்ளது" என்று நான் மொழிபெயர்த்த வசனத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டிய பிறகு அம்மா சொன்னார்: "இது என்ட புத்திக்கு எட்டல்ல." அன்று மாலை அந்த வசனத்தை "உங்கள் இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை" என்று மாற்றினேன்.

கை, கண், காது, புத்தி நான்குக்கும் தமிழில் ஒரே வினை ஏற்கெனவே இருக்கிறது. இணையத்தள அணுகல் பற்றிய உலகளாவிய வழிகாட்டு நெறிகள் நான்கு தூண்களில் நிற்கின்றன: புலனுக்குத் தெரியவேண்டும், இயக்க முடியவேண்டும், விளங்கவேண்டும், எந்தக் கருவியிலும் நிலைத்து வேலை செய்யவேண்டும். முதல் மூன்றையும் "எட்டும்" தாங்குகிறது. நான்காவதை முழுதாகத் தாங்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்று நம்மவர்கள் சொல்வதில், கதவு திறந்தும் பயன் கிடைக்காத நிலை முழுவதும் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு எட்டுமை. இயலும், இயலுமை போல எட்டும், எட்டுமை. எட்டுமைச் சோதனை, எட்டுமை வழிகாட்டி, எட்டாமை என்று கிளைக்கும். வினையாகவும் நிற்கும். "இந்தப் பொத்தான் எட்டவில்லை" என்று அம்மா சொன்னால் அதுவே வழு அறிக்கை. "இந்தப் பொத்தானுக்கு அணுகல்தன்மைக் குறைபாடு உண்டு" என்று யாரும் பேசமாட்டார்கள்.

இனி "உள்ளடக்கிய". அடக்குவது யார்? வடிவமைப்பவர். அடங்குவது யார்? பாவிப்பவர். இங்கே இலங்கையில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிப்பதை "உட்படுத்தல் கல்வி" என்கிறோம், அதுவும் எனக்குக் கரிக்கிறது. விசாரணைக்கு உட்படுத்துவார்கள், சத்திரசிகிச்சைக்கு உட்படுத்துவார்கள். இரண்டு சொல்லிலும் மனிதர் செயப்படுபொருள். எட்டும் என்பதில் கைநீட்டுபவர் பாவிப்பவர், பொருள் அவருடைய கைக்கு வந்துசேர வேண்டும். அதனால் "எவர்க்கும் எட்டும் வடிவமைப்பு" என்கிறேன். நீளம்தான். ஆனால் முதல்முறை கேட்டபோதே நான்கு பேருக்கும் விளங்கியது. தையற்காரிக்கு எழுதிக் காட்டினோம்.

பிரெயில் எழுத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிரெஞ்சுப் படையதிகாரி சார்ள்ஸ் பார்பியே புடைப்புப் புள்ளிகளால் ஒரு முறை செய்தார். ஓர் அலகுக்குப் பன்னிரண்டு புள்ளி வரை. பார்வையுள்ளவர் கண்ணால் பார்த்து அமைத்த அளவு அது, ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. 1824 இல் பதினைந்து வயதுப் பார்வையற்ற மாணவன் லூயி பிரெயில் அதை ஆறு புள்ளியாகக் குறைத்தான். விரலை நகர்த்தாமலே எழுத்து எட்டியது. எங்கள் ஆசிரியர் கணினியில் பாவிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானையும் 2006 இல் தொடங்கியவர் பார்வையற்ற அவுஸ்திரேலியர், மைக்கல் கரன். இந்த இரண்டிலும் பாவிப்பவரே ஆக்கியவர்.

இதற்கும் ஒரு சொல் வேண்டும். "பங்குபற்றல் வடிவமைப்பு" என்றால் எங்களூரில் செயலமர்வுக்குப் போய் வரவுத்தாளில் கையொப்பமிட்டுத் தேநீர் குடித்து வருவதாகத்தான் நினைப்பார்கள். பாவிப்பவரும் சேர்ந்து முதல் நாளிலிருந்தே செய்வதை "உடனாக்கம்" எனலாமா?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். செயலியில் "பாதையைத் தெரிவுசெய்க" என்று ஒரு பொத்தான் இருந்தது. அம்மா திகைத்துப்போனார். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்க அவர் ஏறியது "பாதை"யில்தான். அங்கே பாதை என்றால் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. "இப்ப பாலம் இருக்கே, பாதை எதுக்கு?" என்று கேட்டார். அகராதி பார்த்து மொழிபெயர்க்கும் எனக்கு அது ஒருநாளும் தோன்றியிராது.

கல்லடியிலிருந்து

---

தம்பிக்கு,

மடலை இரண்டு முறை வாசித்தேன். சொல்லைப் பாவிப்பவர் வாயிலிருந்து எடுத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், ஆகையால் கொஞ்சம் கண்டிப்பாகவும் இருப்பேன்.

"உடனாக்கம்" வேண்டாம். நம் அரச கடிதங்களில் "உடன் சமுகமளிக்கவும்" என்று வருகிறது. உடனே ஆக்குவது என்றுதான் முதலில் எடுப்பார்கள். "கூட்டமைப்பு" என்று வைத்தாலோ இங்கு அரசியல் கூட்டணி என்றே எடுப்பார்கள். "கூட்டாக்கம்" என்று பாருங்கள்.

"எட்டுமை"யில் எனக்கு இரண்டு தயக்கம். எட்டு ஓர் எண். அதைவிட முக்கியம், அன்ட்ரொயிட் போன்களில் "அணுகல்தன்மை" ஏற்கெனவே பதிந்துவிட்டது. அதைத் தேடிப் பழகிய பார்வையற்றவர் உங்கள் செயலியில் மட்டும் வேறு சொல்லைக் கண்டால் தடுமாறுவார். எட்டவைக்க வந்த சொல்லே எட்டாமல் போகலாம்.

"உள்ளடக்கிய" பற்றியும் சற்றுப் பொறுங்கள். உள்ளடக்கம் என்ற சொல்லில் யாரும் அடக்குமுறையைக் கேட்பதில்லை. பழகிய சொல்லின் வேரைத் தோண்டினால் எந்தச் சொல்லும் நிற்காது. ஆனால் "உட்படுத்தல்" பற்றி நீங்கள் சொன்னது சரி. நாற்பது வருடம் கல்வித் துறையில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

காரைதீவிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

மடலில் வரும் ஆசிரியர் நான்தான். நேற்றிரவு "எட்டுமை"யை என் போனில் மூன்று வேகத்தில் கேட்டுப் பார்த்தேன். மெதுவான வேகத்தில் "எட்டு", "மை" என்று பிரிந்து கேட்கிறது, எட்டும் எழுதுகிற மையும் போல. நான் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் ஒரே சொல்லாக ஒலிக்கிறது. "அணுகல்தன்மை" எந்த வேகத்திலும் நீளம். அமைப்புகளைத் தட்டிக்கொண்டு போகும்போது முதல் அசையிலேயே எதுவென்று தெரிந்தால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். எங்களுக்கு அந்த அரை வினாடி பெரிது.

ஐயா சொன்ன தடுமாற்றமும் உண்மை. இரண்டையும் வையுங்கள். தேடும்போது எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்தப் பக்கம் திறக்கட்டும்.

---

ஐயாவுக்கும் ஆசிரியருக்கும்,

உடனாக்கத்தைக் கைவிட்டேன். கூட்டாக்கம் நன்றாயிருக்கிறது, சனிக்கிழமை நால்வரிடமும் கேட்கிறேன். "உள்ளடக்கிய" பற்றி ஐயா சொன்னதை இன்னும் யோசிக்கிறேன். வேரை மட்டும் வைத்து நான் வாதாடியது போதாதுதான். ஆனாலும் பாவிப்பவர் எழுவாயாக நிற்கும் சொல் கைவசம் இருக்கும்போது மற்றதை ஏன் எடுக்கவேண்டும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

செயலியில் இப்போது தலைப்பு "எட்டுமை". அதன் கீழே சிறிய விளக்கமாக "போனில் அணுகல்தன்மை என்று வருவது இதுதான்" என்று சேர்த்திருக்கிறேன். தேடலுக்கு இரண்டு சொல்லும் வேலை செய்கின்றன.

இன்னும் ஒரு விடயத்தில் உங்கள் உதவி வேண்டும். தையற்காரி எழுதிக் கேட்டார்: "நீங்கள் எல்லாரும் சொல்லை வாயால் பார்க்கிறீர்கள். நான் இதைக் கையால் எப்படிச் சொல்ல?" பிறகு அவரே கையை மேலே நீட்டி, ஒரு காயைப் பறிப்பதுபோல விரல்களை மடக்கி, நெஞ்சருகே கொண்டுவந்தார். "அணுகல்" என்று எழுதிக் காட்டினேன். இரண்டு விரலை மேசையில் நடக்கவிட்டு, சுவர்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

முதற் சைகையை அவருடைய அனுமதியோடு காணொளியாக எடுத்திருக்கிறேன். நம் சொற்பட்டியலில் எழுத்துக்கு மட்டுமே நிரல் இருக்கிறது. சைகைக்கும் ஒரு நிரல் சேர்ப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சைகைமொழி பேசுபவர்கள் இதே கருத்துக்கு வேறு சைகை வைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள்.

கல்லடியிலிருந்து