மறு: திசைமாற்றி இரைச்சல் – ஒரே சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> பழைய கார்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் எல்லா இடத்திலும் ‘திசைமாற்றி இரைச்சல்’ என்றே போட்டுவிடலாம். வாசகருக்குப் புரிந்துவிடும்.

புரியும், ஐயா. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. இரைச்சல் என்பது விடாமல் ஒலிப்பது. கடல் இரையும், மழை இரையும். திசைமாற்றியை, அதாவது ஸ்டீயரிங்கை, இடப்பக்கம் திருப்பி, உடனே வலப்பக்கம் ஒடிக்கும் கணத்தில் ‘டக்’ என்று ஒரே ஒருமுறை கேட்பதை யார் இரைச்சல் என்பார்கள்? அந்த ஒற்றைத் தட்டுக்கும் பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து எழும் நீண்ட முனகலுக்கும் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால், டை ராட் முனை (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டு) தேய்ந்த வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒலி எதைப் பின்தொடர்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பது என் கட்சி. வண்டி நிற்கும்போதே எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது முனகல். திருப்பும் திசை மாறுகிற கணத்தில் மட்டும் கேட்டால் தட்டு. எஞ்சினை அணைத்த பிறகும், ஸ்டீயரிங் திரும்பும் நேரம் முழுவதும் உராய்ந்துகொண்டே வந்தால் நறநறப்பு. நேராக ஓடும்போதும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஓங்குகிற ஒலி பெரும்பாலும் சக்கர பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வருவது. அதை இந்த அத்தியாயத்திலிருந்தே வெளியேற்றிவிடலாம்.

முனகலைப் பற்றி அதிகம் சர்ச்சை இருக்காது. ஆயில் அழுத்தத்தால் திருப்புவதை எளிதாக்கும் பவர் ஸ்டீயரிங் 1951 கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது. அது இல்லாத பழைய வண்டிகளில் இந்த முனகலுக்கு இடமே இல்லை. இருக்கும் வண்டிகளில் முதல் சந்தேகம் ஆயில் குறைவு, அடுத்தது ஆயிலில் கலந்த காற்று. தொட்டியைத் திறந்தால் ஆயில் நுரைத்தோ பால்போல் வெளுத்தோ இருக்கும். கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயில் அழுத்தம் குறைவு என்பதால், அங்கே ஒரு கவ்வி நெகிழ்ந்திருந்தால் ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். தரையில் கறை இல்லை என்பதால் கசிவும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கவ்வியைச் சரிசெய்து, முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பலமுறை மெதுவாகத் திருப்பினால் காற்று வெளியேறும். இடையிடையே ஆயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும்.

கோடி வரை திருப்பிப் பிடிக்கும்போது ‘உஸ்’ என்று வருவது சீறல். அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறக்கும் ஒலி அது, பழுது அல்ல. அதற்காகச் சில வினாடிகளுக்கு மேல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் ஆயில் சூடேறும், அவ்வளவுதான். பம்பைச் சுழற்றும் பெல்ட் வழுக்கினால் எழுவது கிறீச்சல். இந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பவை, நாம் ஆக்க வேண்டியதில்லை.

இனி, தட்டு. சென்ற மடலில் ஒரு நண்பர் எழுதியது:

> தட்டு ஒலிக்குக் காரணமாக ‘தளர்வு’ என்று குறிப்பிட்டால் போதாதா?

போதாது. இங்கேதான் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. தளர்வு என்று படித்தவுடன் கை ஸ்பேனரைத் தேடும். நட்டு தளர்ந்தால் முறுக்கலாம். கிண்ணத்துக்குள் பந்து சுழலும் பந்து மூட்டில், அந்தக் கிண்ணம் தேய்ந்து உள்ளே இடம் விழுந்திருந்தால் எதை முறுக்குவது? பட்டறையில் ‘ஆட்டம்’ என்பார்கள். பல் ஆடுவதைப் போல, அசைத்தால்தான் தெரியும். நல்ல சொல்தான், ஆனால் தளர்ந்த போல்ட்டும் ஆடும், தேய்ந்த மூட்டும் ஆடும். எனவே தேய்மானத்தால் விழுந்த ஆட்டத்தை மட்டும் ‘தேய்வாட்டம்’ என்று தனியாக அழைக்க முன்மொழிகிறேன். தளர்வு முறுக்கினால் போகும், தேய்வாட்டம் பாகத்தை மாற்றினால் போகும் என்று கையேட்டில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணப் பிடிவாதம் அல்ல. பழைய ஸ்டீயரிங் பெட்டிகளின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) மேல் ஒரு சரிசெய் திருகு இருக்கும். ஸ்டீயரிங் வெறுமனே ஆடுகிறது என்றதும் பலர் முதலில் அதைத்தான் இறுக்குகிறார்கள். உள்ளே இருக்கும் பற்கள் நேரோட்ட நிலையில்தான் அதிகம் உழைக்கின்றன, அங்கேதான் நெருக்கமாகவும் பொருந்தியிருக்கின்றன. சக்கரம் திரும்பிய நிலையில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, சீக்கிரமே பெட்டியும் கெடும். முதலில் வெளியே உள்ள மூட்டுகளைப் பார்க்க வேண்டும். பெட்டியின் முறை கடைசியில்தான்.

பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், எஞ்சின் நிற்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். தட்டு பிறக்கும் இடத்தில் விரலுக்கு அது காதைவிடத் தெளிவாகத் தெரியும். டை ராட் முனைகள், கம்பிகளின் மறுபக்கத்தைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், பெட்டியிலிருந்து கம்பிகளை அசைக்கும் பிட்மன் ஆர்ம், ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள ரப்பர் வட்டு இணைப்பு, பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் என்று தொட்டு வரலாம். போல்ட்டில் தெரிந்தால் அது தளர்வு, மூட்டில் தெரிந்தால் தேய்வாட்டம். டை ராட் முனையை மாற்றியவர் சக்கரச் சீரமைப்பையும் செய்தே ஆக வேண்டும், இல்லையேல் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

நறநறப்பு பெரும்பாலும் கிரீஸ் வற்றிய கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), பந்து மூட்டு ஆகியவற்றின் வேலை. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

> ‘சுக்கான்’ என்ற பழைய சொல் இருக்க ‘திசைமாற்றி’ எதற்கு?

எனக்கும் சுக்கான் பிடிக்கும். ஆனால் கையேட்டின் பாதி அச்சுக்கோப்பு முடிந்த நிலையில் அதைக் கிளற வேண்டாம்.

எஞ்சியிருப்பது அந்த ரப்பர் வட்டு இணைப்பு. ‘நெகிழ்வட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. நெகிழ்வது வட்டின் இயல்பா, பழுதா என்று வாசகர் குழம்பக்கூடும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். தேய்வாட்டத்துக்கு மறுப்பு இருந்தால் அதையும் இந்த இழையிலேயே எழுதுங்கள்.