முனையத்தை மூடியதும் சங்கச் செயலி நின்றுபோவது ஏன்?

அன்புடையீர், வணக்கம்.

சங்கத்தின் உறுப்பினர் பதிவுச் செயலி சில நாள்களில் இரவு முழுவதும் ஓடுவதும், சில நாள்களில் அதைத் தொடங்கிவைத்தவர் மடிக்கணினியை மூடிய நொடியே நின்றுவிடுவதும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கட்டளையின் கடைசியில் ஆம்பர்சாண்ட் குறியை இட்டுவிட்டால் செயலி பின்னணிக்குப் போய்விடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அந்தக் குறி (&), கட்டளை முடியும்வரை ஷெல் (முனையத்தில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) காத்திருக்க வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. செயலி அப்போதும் அந்த ஷெல் தொடங்கிவைத்த பிள்ளையாகவே இருக்கிறது.

மடிக்கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு பாதியில் அறுந்தால், சர்வரில் ஓடும் ஷெல்லுக்கு சிக்ஹப் என்ற சிக்னல் வருகிறது. தொலைபேசிக் கம்பி வழியே கணினியை அணுகிய காலத்தில், மறுமுனை துண்டிக்கப்பட்டதைத் தெரிவிக்க ஏற்பட்டது அது. அதன் எண் 1. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் பாஷ் ஷெல் அதைத் தன் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டே மடிகிறது. மாறாக, எக்ஸிட் என்று தட்டி முறையாக வெளியேறினால், இயல்பான அமைப்பில் பாஷ் அதை அனுப்புவதில்லை. ஆகவே செயலி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் இல்லாத முனையத்தில் ஒரு வரி எழுத முயலும்போது பிழை ஏற்பட்டு, பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடுகிறது.

நோஹப் கட்டளை இந்த இரண்டையும் தீர்க்கும். சிக்ஹப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கச் செய்து, வெளியீட்டை ஒரு கோப்பில் சேர்க்கும். நானும் நெடுநாள் அதையே நம்பியிருந்தேன். கவனிப்பாரின்றி வளர்ந்த அந்தக் கோப்பு ஒருநாள் வட்டு முழுவதையும் நிரப்பிவிட, தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றது. செயலி தானாக விழுந்தாலோ, சர்வர் மறுதொடக்கம் ஆனாலோ அதை மீண்டும் எழுப்ப நோஹப்பில் ஏற்பாடு எதுவுமில்லை. இணைப்பு அறுந்தாலும் முனையத்தைச் சர்வரில் திறந்தே வைத்திருக்கும் டிமக்ஸும் அப்படித்தான்: உட்கார்ந்து வேலை பார்க்க அருமையான கருவி, ஆளில்லாத நேரத்தில் காவல் காக்க உதவாது.

பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இந்தப் பொறுப்பு, செயலிகளைத் தொடங்கி, கண்காணித்து, நிறுத்தும் சிஸ்டம்டியுடையது. எந்தப் பயனராக, எந்தக் கோப்புறையிலிருந்து, எந்தக் கட்டளையால் தொடங்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதினால் போதும். முதன்முறை எழுதியபோது பழக்கதோஷத்தில் அதிலும் ஆம்பர்சாண்டைச் சேர்த்துவிட்டேன். சிஸ்டம்டி ஷெல் அல்லவே, அந்தக் குறியையும் ஓர் அளவுருவாகச் செயலியின் கையில் கொடுத்துவிட்டது. இப்படியோர் அளவுரு தெரியாது என்று செயலி தொடங்கவே மறுத்தது.

கோப்பில் கவனமாகத் தீர்மானிக்க வேண்டியது மறுதொடக்க விதி. விழுந்தால் எழுப்பு என்று மட்டும் எழுதினால், சிஸ்டம்டி 100 மில்லிநொடி இடைவெளியில் எழுப்பிப் பார்க்கும். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் செயலி மீண்டும் விழுந்தால் கைவிட்டுவிடும். சர்வர் விழித்தெழும்போது தரவுத்தளம் தயாராகச் சற்று நேரமாகும் என்பதால், நம் செயலி அந்த ஐந்து வாய்ப்பையும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்த்துவிடக்கூடும். எனவே இடைவெளியை 5 நொடியாக வைத்திருக்கிறேன். அப்போது அந்த வரம்பை எட்டவே முடியாது.

நிறுத்தும்போது 9ஆம் எண் சிக்னலால் கொல்ல வேண்டாம். பாதி எழுதிய பதிவு அப்படியே அறுந்துபோகும். சிஸ்டம்டியிடம் நிறுத்தச் சொன்னால் முதலில் 15ஆம் எண் சிக்னலை அனுப்பி, இயல்பாக 90 நொடி பொறுத்த பிறகே வலிந்து நிறுத்தும். செயலி ஓடும்போது எழுதும் செய்திகளை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் படிக்கலாம்.

கோப்பைச் சர்வரில் இட்டு, ஸ்டார்ட் கட்டளையோடு எனேபிள் கட்டளையும் கொடுத்துவிட்டேன். பின்னதை மறந்தால் அடுத்த மறுதொடக்கத்தில் செயலி எழாது. வரும் ஞாயிறு சர்வரை ஒருமுறை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்யவிருக்கிறேன். அன்று என் முனையம் மூடியே இருக்கும். பதிவுப் பக்கம் திறக்கிறதா என்று விழித்திருப்பவர் யாரேனும் பார்த்து எழுதுங்கள்.