நேரில் போய் வரைந்தால் எல்லாவற்றையும் திணித்துவிடுகிறேன், என்ன செய்வது?

கேள்வி:
ஆறு மாதமாக வெளியில் போய் அக்ரிலிக்கில் நிலக்காட்சி வரைகிறேன். போட்டோவைப் பார்த்து வரைந்தால் ஓரளவு வந்துவிடுகிறது. நேரில் போய் நின்றால் மரம், குளம், பாதை, தூரத்து மலை, மேகம் என்று எதையும் விட மனம் வராமல் அத்தனையையும் உள்ளே திணித்துவிடுகிறேன், அப்புறம் வீட்டில் வந்து பார்த்தால் கண் எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு மணி நேரத்தில் நிழல் வேறு நகர்ந்துவிடுகிறது. நீங்களெல்லாம் காட்சியை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

பதில் 1:
போனதும் பெயிண்ட் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு அட்டையில் கேன்வாஸின் அதே விகிதத்தில் சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள், 9க்கு 12 அங்குல கேன்வாஸ் என்றால் 3க்கு 4. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். கையை நீட்டினால் காட்சி குறுகும், கிட்டே கொண்டுவந்தால் விரியும். பிடித்த இடம் கிடைத்ததும் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டம் போட்டு, பென்சிலால் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே அளவில் தீட்டிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் இலை, கிளையெல்லாம் கரைந்து பெரிய திட்டுகள் மட்டும் தெரியும், அவற்றைத்தான் போட வேண்டும். கட்டத்திலேயே குழம்பிக் கிடந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய்விடுங்கள்.

பதில் 2:
அட்டை சரி, ஆனால் எந்தத் திட்டு வெளிர், எது இருட்டு என்பதில்தான் நான் வருஷக்கணக்கில் தடுமாறினேன். ஜான் கார்ல்சன் என்ற ஓவியர் சொன்ன கணக்கு எனக்குக் கைகொடுத்தது: வெளிச்சமே வானத்திலிருந்து வருவதால் வானம் எல்லாவற்றையும்விட வெளிர், வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் தரை அடுத்தது, மலைச்சரிவு அதைவிட இருட்டு, செங்குத்தாக நிற்கும் மரம்தான் கடைசி. பனி, வெள்ளைச் சுவர் என்று வந்தால் மாறும். பாதி நாள் இதுவே போதும்.

நிழலைத் துரத்தாதீர்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி போகிறது, நாம் எங்கே பிடிப்பது. முதல் பத்து நிமிடத்தில் நிழலின் ஓரத்தை நீர்த்த பெயிண்டில் குறித்துவிட்டு, அப்புறம் அது எங்கே போனாலும் கண்டுகொள்ளாமல் இருங்கள். 1890, 91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பிரெஞ்சு ஓவியர் மோனே ஒளி மாற மாறக் கேன்வாஸையே மாற்றினார். நம் முதுகு அத்தனையைச் சுமக்காது.

பதில் 3:
எல்லோரும் விட்ட ஒன்று. கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழவே கூடாது. ஒருமுறை குடையில்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டேன், அங்கே தகதகவென்று இருந்த படம் வீட்டுக்குள் வந்ததும் சாயங்காலம் மாதிரி மங்கிப் போனது. வெயிலில் வெளிர் நிறமெல்லாம் கண்ணைக் கூசும், கை தானாக இருட்டாகக் கலக்கும். அப்புறம், இடைஞ்சலாக இருக்கும் மரத்தைத் தாராளமாக நகர்த்துங்கள், யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை.

கேள்வி கேட்டவர்:
இன்று அட்டையோடு போனேன். ஐந்து கட்டம் போட்டதில் நான்கில் மலையே வரவில்லை, குளத்து ஓரமும் ஒரு மரத்தின் நிழலும்தான். மலையை விட்டுவிட்டே வரைந்தேன். மரத்தடியை மட்டும் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.