புதுப்பிப்பு: வேகக் கார் பயிற்சிக்கு முன் பிரேக் ஆயிலும் ஹெல்மெட்டும்

பந்தயத் தடத்தில் நடக்கும் வேகக் கார் பயிற்சிக்கு என் சொந்தக் காரையே கொண்டு செல்வதென்றால் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமா, பைக் ஹெல்மெட் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

மூன்று ஆண்டுகளாக மாற்றாமல் விட்டிருந்த பிரேக் ஆயில், சக்கரத்தருகே மாட்டிய குழாய் வழியே கருந்தேன் நிறத்தில் வடிந்தது. நிறத்தைவிட, அது காற்றிலிருந்து உறிஞ்சியிருந்த ஈரமே அபாயம். டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதித்த வரம்போ 155 டிகிரிதான். அடுத்தடுத்து அழுத்திப் பிரேக் பிடிக்கையில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், அவை அமுங்கிக் கொடுப்பதால் பெடல் தரைவரை இறங்குமே தவிர, கார் நிற்காது. பிரேக் பேடுகளின் கனத்தை மட்டும் அளந்து திருப்தியடைந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஹெல்மெட் புதிதாக வாங்கினேன். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின், கார் பந்தயத்துக்கான எஸ்ஏ தரத்தில் உள்ள தீத்தாங்கும் சோதனை, பைக்குக்கான எம் தரத்தில் இல்லை.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கை: தோள் சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படும்படி முன்னே நகர்த்தியிருக்கிறேன். டயர் காற்றழுத்தத்தைத் தடத்தில் சில சுற்றுகள் ஓடிச் சூடேறிய பிறகு சரிபார்ப்பேன்.