வீட்டுல செஞ்ச தொலைநோக்கி: நட்சத்திரத்துக்கு வால் வருது, உதவுங்க

தக்கலை_பையன்: அண்ணன்மாரே, அவசரம். எந்த நட்சத்திரத்தப் பாத்தாலும் ஒரு பக்கமா வால் நீளுது. செகண்டரிய (குழாய் வாய்ப்பக்கம் சாய்வா இருக்க சின்னக் கண்ணாடி) எப்படித் திருப்பினாலும் அதோட நிழல் நடுவுல நிக்க மாட்டேங்கு. என்ன செய்ய?

கோட்டாறு_வானம்: பிரைமரி, அதான் அடியில இருக்க பெரிய கண்ணாடி, என்ன சைஸ்? குவியத்தூரம்? கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ், ஐபீஸ், எது? வால் ஓரத்துல மட்டுமா, நடுவுலயுமா?

லென்ஸ்பித்தன்: கண்ணாடி சூடு ஆறல. ஒரு மணி நேரம் வெளிய வச்சிட்டுப் பாருங்க.

கோட்டாறு_வானம்: ஆறலன்னா உருவம் அலையும், வால் ஒரே திசையில நிக்காது.

குளச்சல்_ராக்கோழி: கண்ணாடிகள நேராக்குற லேசர் வாங்குங்க, ரெண்டு நிமிஷ வேலை.

நியூட்டன்தாசன்: அந்த லேசரே கோணலா இருந்தா? ஃபோகசர்ல (ஐபீஸ் சொருகுற குழாய்) வச்சு சுத்திப் பாரும், புள்ளி வட்டம் போட்டா தண்டம். பழைய இழைகள்ல எல்லாம் எழுதியாச்சு. யாரு படிக்கா?

தக்கலை_பையன்: 6 இன்ச், 750 மி.மீ, 10 மி.மீ ஐபீஸ். நடுவுலயும் வால்தான். பிரைமரில நடுப்புள்ளி ஒட்டல, கண்ணாடி கெட்டுரும்லா?

நியூட்டன்தாசன்: குவியத்தூரத்தக் கண்ணாடி அகலத்தால வகுத்தா 5, எஃப்/5ன்னு முதல்லயே சொல்லணும்வோய். எஃப்/8ல கோமா, அதான் அந்த வால், தொந்தரவு இல்லாத நடுவட்டம் சுமார் 11 மி.மீ, எஃப்/5ல 3 மி.மீ கூட வராது. நடுப்புள்ளி செகண்டரி நிழலுக்குள்ளதான் கெடக்கும், பயப்படாதேயும். கண்ணாடி அளவுக்கு பேப்பர் வட்டம் வெட்டி, நாலா மடிச்சு முனைய நறுக்கும். ஓட்டை வழியா மார்க்கர் புள்ளி, அதச் சுத்தி ஒட்டு வளையம். பேப்பர் கண்ணாடில உரசக் கூடாது.
ஃபோகசருக்கு நடுவுல 2 மி.மீ ஓட்டை போட்ட மூடி, உள்பக்கம் வெள்ளையா இருக்கணும். செகண்டரி வட்டமா, நடுவுல தெரியணும். பிரைமரியோட மூணு கிளிப்பும் தெரியுற வரை செகண்டரியச் சாய்ச்சிட்டு, அப்புறம் தொடாதேயும். பிரைமரி திருகால வளையத்த மூடி ஓட்டையோட பிம்பத்துக்கு நேரா கொண்டு வாரும். செகண்டரியோட நிழல் மட்டும் பிரைமரி பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும், எஃப்/5ல அதுதான் சரி. அத நடுவுக்கு இழுத்துத்தான் எல்லாத்தையும் கோணலாக்கிருக்கீரு.

குளச்சல்_ராக்கோழி: கடைசில துருவ நட்சத்திரத்துல சோதிங்க. அனேகமா நகராது, பின்தொடர மோட்டார் வேண்டாம்.

கோட்டாறு_வானம்: நம்ம மாவட்டத்துல அது 8 டிகிரி உயரந்தான். பூதப்பாண்டிப் பக்கம் மலையே மறைச்சிரும்.

குளச்சல்_ராக்கோழி: எங்க மொட்டைமாடில தெரியுதே.

நியூட்டன்தாசன்: தெரிஞ்சா போதுமா? அவ்வளவு தாழ்வுல காத்து கலக்குறதுல கோமா எது, காத்து எதுன்னு எப்படிப் பிரிப்பீரு? உச்சிக்குப் பக்கத்துல பாரும்.

குளச்சல்_ராக்கோழி: உச்சில டாப்சோனியன (பெட்டி ஸ்டாண்டுல மேல கீழ, பக்கவாட்டுல திருப்புற தொலைநோக்கி) திருப்பிப் பாத்திருக்கீரா நீரு?

கோட்டாறு_வானம்: சண்டை வேண்டாம், 60 டிகிரி போதும்.

தக்கலை_பையன்: பிரைமரிய மட்டும் திருகினேன், வால் போச்சு. குவியத்த விலக்கினா வட்டமா தெரிய வேண்டிய நட்சத்திரம் முக்கோணமா தெரியுது.

லென்ஸ்பித்தன்: ஆறல.

கோட்டாறு_வானம்: இல்ல, மூணு கிளிப்பும் கண்ணாடிய அமுக்குது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையில ஒரு விசிட்டிங் கார்டு லேசா நுழையணும். லூஸாக்கினதும் வளையத்தத் திரும்பவும் சரிபாருங்க, நகந்திருக்கும்.